பன்றியைக் கண்டதும் சொன்னதும்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மண் போல இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது ஐந்தாம் வகுப்பிலேயே எனக்கு நிச்சயமில்லை. அதற்குமேல் நான் படிக்கவுமில்லை. பிழை கண்டால் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

இதை எழுத வைத்தது ஒரு படிவம். போன கார்த்திகையில் ஒரு காட்டில் நான் பன்றி ஒன்றைக் கண்டேன். கண்டால் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். எந்த இடம், என்ன நேரம், எத்தனை, என்ன நிறம் என்று படிவம் கேட்டது. மகள் எனக்குப் பக்கத்தில் இருந்து கணினியில் நிரப்பினாள். கடைசியில், "இன்னுமொரு பொக்ஸ் இருக்கப்பா. எனிதிங் எல்ஸ்? வேற ஏதும் சொல்லப் போறீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்தப் பெட்டியில் நான் சொல்லாமல் விட்டதுதான் இது.

நான் ஸ்காபரோவில், மில்லிக்கன் பக்கம், ஜன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அறுக்கும் இயந்திரம். காதில் அடைப்பான் போட்டுக்கொண்டு நின்றால் எட்டு மணி நேரம் யாருடனும் பேசத் தேவையில்லை. கூச்சமுள்ள மனிதனுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. எனக்கு அடுத்த இயந்திரத்தில் நிற்பவர் மன்னார்க்காரர். சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு இயந்திரத்தின் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. அதற்கு மேலாகக் கத்திப் பேசுவார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், தான் சனிக்கிழமைகளில் வடக்கே போய் முயலும் காட்டுக்கோழியும் சுடுவதாகச் சொன்னார். என்னையும் வரச் சொன்னார். ஏன் என்னை என்று கேட்டேன்.

"காட்டுக்குள்ள கதைக்கக்கூடாதடா. கதைக்கிறவனைக் கூட்டிக்கொண்டு போனா முயல் என்ன, மரமே எழும்பி ஓடிப்போயிடும். நீ வெளியிலயே வாய் திறக்கிறேல்லை. உன்னைவிட்டா எனக்கு வேற ஆர் கிடைக்கப்போறாங்கள்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாய்மூடித்தனத்தை ஒருவர் தகுதியாகச் சொன்னார். அதற்காகத்தான் ஓம் என்றேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்த நாட்டில் ஒரு முயலைச் சுட முன்னம் எத்தனை கடதாசி! துவக்குப் பாதுகாப்பு வகுப்பு, அதற்குச் சோதனை. வேட்டை வகுப்பு, அதற்கும் சோதனை. பிறகு ஒரு அட்டை, அதற்குமேல் சின்ன மிருகங்களுக்கான அனுமதி. புத்தகம் ஆங்கிலம். மகள் ஒவ்வொரு பக்கமாக வாசித்துத் தமிழில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே பாடமாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் ஆட்டிறைச்சியைப் பார்த்து, "அப்பா, பின்னால என்ன நிக்குது எண்டு தெரியாமல் சுடக்கூடாது" என்பாள்.

துவக்கு என்ற சாமான் என் வாழ்க்கையில் அதுவரை மற்றவர்களின் கையில்தான் இருந்தது. அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் நடப்பது மட்டுமே நான் அறிந்த பாதுகாப்பு விதி. வகுப்பில் வாத்தியார் வெறும் துவக்கொன்றை என்னிடம் நீட்டியபோது நான் ஒரு அடி பின்னால் போனேன். அவர் பார்த்தும் பாராதது போல நின்றார். வாங்கிப் பார்த்தால் அவ்வளவு பாரமில்லை. எங்கள் தொழிற்சாலையில் நான் நாள்முழுவதும் தூக்கும் அலுமினியச் சட்டத்தின் பாரம்தான். அது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு பாரத்துக்காகவா இவ்வளவு காலம் ஓடினோம் என்று யோசித்தேன்.

எல்லாவற்றையும்விடக் கடினமான விதி துவக்கு அனுமதிப் படிவத்தின் உள்ளே இருந்தது. மனைவியின் கையெழுத்து வேண்டும். வைக்காவிட்டால் அவர்களே அவளுக்கு அறிவிப்பார்களாம். கணவன் துவக்கு வாங்குவது மனைவிக்குத் தெரியவேண்டும் என்று ஒரு சட்டம் செய்தவன் நல்லவனாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் அந்தக் கடதாசி எங்கள் வீட்டில் சீனிப் போத்தலுக்குக் கீழே மூன்று கிழமை கிடந்தது. அவள் தினமும் போத்தலைத் தூக்கித் தேத்தண்ணி போட்டாள். கடதாசியைத் தொடவில்லை.

அவளுக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது, ஊரில் யுத்தம் நடந்த நாட்களில், ஒரு விடியற்காலையில், ராணுவச் சப்பாத்துக் கால்கள் அவர்களுடைய வீட்டுக்குள் வந்தன. குசினிக்குள் போயின, சுவாமி அறைக்குள்ளும் போயின. அவளுடைய தமையனைக் கொண்டுபோயின. பதினொரு நாளில் அவர் திரும்பி வந்துவிட்டார். ஆனால் நிலத்தில் கிடந்த சேற்றுத் தடங்களை அன்றைக்குத் தேய்த்துக் கழுவியது இவள். கலியாணமாகி இத்தனை வருடத்தில் இதை எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள்.

நான்காம் கிழமை ஒரு பின்னேரம் பேனையுடன் வந்து நின்றாள்.

"இஞ்சருங்கோ, இதில எந்த இடத்தில வைக்கிறது?"

காட்டினேன். பேனையைக் கடதாசியில் வைக்காமல் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"ஒண்டே ஒண்டுதான். உந்தத் துவக்காலை எங்கட வாசல்ல ஒரு யூனிபோம் வந்து நிக்கக்கூடாது. ஒருநாளும். சத்தியம் பண்ணுங்கோ."

"வராது. நான் சட்டத்தை மீறினாத்தானே வருவாங்கள். நான் மீறமாட்டன்."

சத்தியம் பண்ணினேன். அவள் தமிழில் தன் பெயரை எழுதினாள். பிறகு வாங்கிய அந்தத் துவக்கு இப்போது பேஸ்மென்டில் இரும்பு அலுமாரிக்குள் பூட்டி இருக்கிறது. தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு பூட்டில். அரிசி மூட்டையும் பேஸ்மென்டில்தான். அன்றிலிருந்து அவள் கீழே இறங்குவதில்லை. அரிசி அளந்து மேலே கொண்டுவருவது என் வேலை.

நாங்கள் போகும் காடு இரண்டு மணி நேரம் வடக்கே. அது ஒருவருக்கும் சொந்தமில்லாத, எல்லோருக்கும் உரிய காடு. நெடுஞ்சாலை முடிந்து, சோளக்காடு முடிந்து, மண்பாதையில் காரை நிறுத்தினால் அதற்குப் பிறகு மரங்கள்தான். உறைக்குள் இருக்கும் துவக்கை அங்கேதான் வெளியே எடுக்கலாம். பாதையை விட்டு விலகிய பிறகுதான் தோட்டா போடலாம். சூரியன் உதிக்க அரை மணி நேரம் இருக்கும்போது தொடங்கி, மறைந்து அரை மணி நேரம் வரைக்கும்தான் சுடலாம். காட்டுக்கோழி நாளுக்கு ஐந்து, அதற்குமேல் இல்லை. சுட்டதைத் தேடி எடுக்காமல் விட்டுவிட்டு வரக்கூடாது. இறைச்சியை விற்கக்கூடாது. இந்த விதிகளை நான் தேவாரம் போல மனப்பாடமாக வைத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அவை பிடிக்கும். என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் இடத்தில் கூச்சமுள்ளவன் யாரிடமும் எதையும் கேட்கத் தேவையில்லை.

அப்படியிருந்தும் முதல் வருடம் ஒரு பிழை விட்டேன். காட்டின் ஓரமாக நடந்துகொண்டு போகையில் ஒரு மேப்பிள் மரத்தில், என் நெற்றி உயரத்தில், வட்டமாகச் சிவப்புப் பூசியிருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. எங்கள் ஆட்கள் யாரோ வந்து மரத்துக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். துவக்கின் வாயைத் தாழ்த்தி, ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றுவிட்டு அந்தப் பொட்டுகளைத் தொடர்ந்து உள்ளே நடந்தேன். பின்னால் அண்ணை மூச்சுவாங்க ஓடிவந்தார்.

"டேய், டேய்! எங்கை போறாய்? அது தனியார் காணி. சிவப்பு வட்டமெண்டா உள்ள வராதை எண்டு அர்த்தம். புத்தகத்தில படிக்கேல்லையோ?"

படித்திருந்தேன். ஆனால் மரத்தில் பார்த்தபோது புத்தகம் நினைவுக்கு வரவில்லை.

"நான் பொட்டெண்டு நினைச்சன், அண்ணை."

அவர் அடக்கமாட்டாமல் சிரித்தார். அன்றைக்கு முயல்கள் எல்லாம் அடுத்த மாவட்டத்துக்கு ஓடியிருக்கும். "நல்லகாலம், தேங்காய் உடைக்காமல் விட்டாய்" என்றார். அதற்குப் பிறகு எந்தச் சிவப்பு வட்டத்தைக் கண்டாலும், "இஞ்சை பார், உன்ர கோயில்" என்று காட்டுவார்.

அந்தக் காட்டைப் பற்றி எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அண்ணை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஒருவரின் செம்மஞ்சள் அங்கி மற்றவருக்குத் தெரியும் தூரத்தில் நடப்போம். பத்து அடி நடந்தால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். மனிதன் நடக்கும் சத்தத்துக்கு முயல் பயப்படாது, நடந்தவன் நின்றால்தான் பயந்து எழும்பும் என்பது அண்ணையின் கண்டுபிடிப்பு. அந்த நிற்கும் நிமிடங்கள்தான் எனக்குப் பிடித்தவை. மூச்சுப் புகை முகத்தின் முன்னால் எழும்பி, கலைந்து, திரும்பவும் எழும்பும். எங்கேயோ ஒரு இலை விழும் சத்தம் கேட்கும். சில நேரம் நான் வேட்டைக்கு வந்தேன் என்பதே மறந்துபோகும். நின்றபடியே தூங்குகிறேனோ, தூங்கியபடி இந்தக் காட்டைக் காண்கிறேனோ என்று இருக்கும். வீட்டில் மனைவி தலை முழுகி ஈரத்துடன் நிற்பதும், தொழிற்சாலையில் அலுமினியத் தூள் வெயிலில் பறப்பதும், இந்த மரங்களும் எல்லாம் ஒரே அறைக்குள் இருப்பது போலத் தோன்றும். அப்போது பார்த்து ஒரு காட்டுக்கோழி காலடியில் இருந்து படபடவென்று எழும்பும். சுட நினைக்கும்போது அது மரங்களுக்கு அப்பால் போயிருக்கும்.

நான் நல்ல வேட்டைக்காரன் இல்லை. ஒரு வருடத்தில் நாலைந்து முயல், இரண்டு மூன்று கோழி. அவ்வளவுதான். கிடைத்தால் எங்கள் வீட்டுக் கராஜில் காஸ் அடுப்பை வைத்து அண்ணை சமைப்பார். மனைவி வீட்டுக்குள் விடமாட்டாள். ஆனால் மிளகாய்த்தூள் போதாது என்று கராஜ் கதவைத் திறந்து தூள் போத்தலை நீட்டுவாள். வாசனை அப்படி.

போன கார்த்திகைக்கு வருகிறேன்.

அந்த வருடம் பனி பிந்திவிட்டது. அங்குள்ள முயல்கள் குளிர்காலம் வரும்போது வெள்ளையாக மாறும். பனிக்குள் ஒளிந்திருக்க அது அவற்றுக்குச் சட்டை. நாள் சுருங்குவதைப் பார்த்து அவை மாறுகின்றன, பனியைப் பார்த்து அல்ல. அந்தச் சனிக்கிழமை காடு முழுவதும் மண்ணிறம். பழுப்பு இலை, கறுத்த ஈரமான மரம், மரங்களுக்கிடையில் புகைபோல லேசான புகார். நடுவில் ஒரு முயல், வெள்ளைவெளேரென்று, விளக்கு மாதிரி இருந்தது. தான் ஒளிந்திருப்பதாக அது நம்பிக்கொண்டிருந்தது. அசையவில்லை. இருபது அடிக்குள் நான் நின்றேன். அதைச் சுடச் சட்டத்தில் இடம் உண்டு. எனக்குத்தான் மனம் வரவில்லை. எல்லோரும் பார்க்க, தன்னை ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இருக்கும் ஒன்றைச் சுடுவது சரியில்லை என்று பட்டது. மெதுவாக விலகி வந்துவிட்டேன். அண்ணையிடம் சொல்லவில்லை.

மத்தியானம் தாண்டி, சதுப்புக்கு மேலே விழுந்து கிடந்த ஒரு மரத்தில் இருவரும் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். என் துவக்கில் தோட்டா இல்லை. அண்ணையின் இரட்டைக்குழல் துவக்கும் தோட்டா எடுத்து, நடுவில் மடித்துத்தான் இருந்தது. கீழே சீடர் மரங்களுக்கிடையில் மண்ணைக் கிளறும் சத்தம் கேட்டது. மான் என்று நினைத்தேன். புகாருக்குள் இருந்து கறுப்பாக ஒன்று வந்தது. நீண்ட முகம், முதுகில் சிலிர்த்த மயிர். மூக்கால் ஈரமண்ணை உழுதபடி, அவசரமே இல்லாமல், எங்களை நோக்கி வந்தது. கனவில் தெரிந்தவர் ஒருவர் வருவது போல வந்தது.

"பண்டி" என்றார் அண்ணை. அவருடைய கத்தும் குரலை அப்படிச் சின்னதாக நான் கேட்டதே இல்லை.

மடித்த துவக்குக்குள் இரண்டு தோட்டாக்களைப் போட்டு மூடினார்.

இந்த மாகாணத்தில் காட்டுப்பன்றியைச் சுடக்கூடாது. வெளியே இருந்து வந்து பெருகும் மிருகம், தோட்டங்களை அழிக்கும், ஆனாலும் வேட்டையாடக் கூடாது. ஒன்றைச் சுட்டால் மற்றவை நாலு பக்கமும் சிதறிப் புது இடங்களில் பெருகும், மனிதருக்கு ஒளியப் பழகும் என்று வகுப்பில் சொன்னார்கள். கண்டால் அறிவி, அதிகாரிகள் வந்து முழுக் கூட்டத்தையும் பிடிப்பார்கள். இதுதான் விதி. அண்ணைக்கும் தெரியும்.

"அண்ணை, அது சுட ஏலாது" என்று கிசுகிசுத்தேன்.

"தெரியும். நாட்டுக்குக் கேடு எண்டுறாங்கள். பிறகு சுடாதை எண்டுறாங்கள். உதென்ன சட்டம்?" அவர் கண்ணை எடுக்கவில்லை. "முப்பது வருசமாச்சடா உந்த இறைச்சி வாயில வைச்சு. கிட்டத்தான் நிக்குது. தலையில வைச்சா முயல் சுடுற இந்தச் சன்னமே போதும். நீயும் நானும் கடவுளும்தான் இஞ்சை."

துவக்கு தோளுக்குப் போயிற்று. நான் எழும்பினேன். என் மடியில் இருந்த சம்பல் கிண்ணம் விழுந்தது.

"வேண்டாம் அண்ணை!"

அது கத்தல். என்னிடம் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. காடு அதைத் திருப்பிச் சொன்னது. பன்றி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. மூக்கில் மண் ஒட்டியிருந்தது. பிறகு திரும்பி, ஓடாமல், வந்தது போலவே புகாருக்குள் போய்விட்டது.

அண்ணை தோட்டாக்களை எடுத்துப் பொக்கற்றில் போட்டார். கிண்ணத்தைக் குனிந்து எடுத்து, இலையால் துடைத்து, என் கையில் தந்தார். கார் வரைக்கும் எனக்கு முன்னால், திரும்பிப் பாராமல் நடந்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நெடுஞ்சாலைக்கு வந்த பிறகு சொன்னார்: "சரி. நான் சுடேல்லை. இனி நீ ஒண்டு செய். வாயை மூடிக்கொண்டிரு. நாங்கள் ஒண்டும் காணேல்லை."

"அறிவிக்க வேணுமெல்லே அண்ணை."

"அறிவிச்சா அந்தக் காட்டைப் பூட்டிப்போடுவாங்கள். வேற இடம் எங்கை போறது? அதோட உன்ர வீட்டுக்கு ஆள் வருவாங்கள், கேக்க, எழுத. யூனிபோமோட வருவாங்கள். உன்ர மனிசிக்கு என்ன சத்தியம் பண்ணினனி?"

அவருக்கு அது தெரியும். ஒருநாள் நானே சொல்லியிருந்தேன்.

அந்த இரண்டு மணி நேரப் பயணம் முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். சட்டத்தை மீறினால்தான் யூனிபோம் வரும் என்று நினைத்துச் சத்தியம் பண்ணினேன். இப்போது சட்டத்தின்படி நடந்தால் வரும். மீறினால் வராது. பேசாமல் இருப்பது எனக்குக் கைவந்த தொழில். ஆனால் பேசாமல் இருந்தால் அந்தப் பன்றி குட்டி போடும், யாரோ ஒரு விவசாயியின் நிலத்தைக் கிளறும், அதற்கு ஒரு பங்கு நான். பேசினால் என் மனைவியின் வாசலில் சப்பாத்து வந்து நிற்கும், அதற்கும் நான். எந்த விதிப் புத்தகத்திலும் இதற்குப் பக்கம் இல்லை.

இரண்டு நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் அவள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். அரிசிக் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன். பன்றி, அண்ணை, கத்தியது, விதி, எல்லாம் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வீட்டை வருவினமோ?"

"வரலாம். தொலைபேசியிலயும் கேக்கலாம். எனக்கு உவையின்ர இங்கிலிஷ் போன்ல விளங்காது."

"துவக்கோட வருவினமோ?"

"இடுப்பில இருக்கும்."

அவள் கத்தரிக்காய்த் துண்டுகளைத் தண்ணீருக்குள் தள்ளினாள். தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது.

"உமக்கு வேண்டாமெண்டா நான் விட்டிடுறன்" என்றேன். "அண்ணை சொல்லுறமாதிரி, நாங்கள் ஒண்டும் காணேல்லை எண்டு இருப்பம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் காணேல்லை எண்டு..."

"அண்டைக்கு எங்கட ஒழுங்கையில எல்லாரும் கண்டவை" என்றாள். "அண்ணாவைக் கொண்டுபோகேக்க வேலிக்கு மேலால பாத்துக்கொண்டு நிண்டவை. அம்மா ஒவ்வொரு வீடாப் போய்க் கேட்டவ, எந்தப் பக்கம் கொண்டுபோனவை எண்டு. எல்லாரும் சொன்னது உதுதான். நாங்கள் ஒண்டும் காணேல்லை. பதினொரு நாளும் எங்கை எண்டு தெரியாமல் இருந்தனாங்கள்."

தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தாள்.

"பயத்தில சொன்னவை. நான் குறை சொல்லேல்லை. ஆனா என்ர வீட்டில உந்தச் சொல்லு வேண்டாம். கண்டதைச் சொல்லுங்கோ."

"சத்தியம்?"

"அது நான் வாங்கினது. நானே விடுறன்."

அன்றிரவே மகள் படிவத்தை நிரப்பினாள். அண்ணையின் பெயரைப் போடவில்லை. அவர் சுடவில்லைதானே. நான் அறிவித்ததைச் சொன்ன பிறகு அவர் பல கிழமை என்னுடன் சாப்பிட வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் வருவதாக அதிகாரி மகளிடம் சொல்லியிருந்தார். மகள் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. நானும் மனைவியும்தான். அதற்கு முதல்நாள்தான் பனி கொட்டியிருந்தது. வாசல் மணி அடித்தபோது அவள் குசினி வாசலில், சுவரைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே போகச் சொன்னேன். போகவில்லை.

கதவைத் திறந்தேன். இளம் பெண். என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள் போல. பச்சைச் சட்டை, இடுப்பில் துவக்கு, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை கயிறு கட்டிய கறுத்தச் சப்பாத்து, அதில் பனி. வணக்கம் சொல்லி ஒரு அடி உள்ளே வைத்தாள். வைத்தவள் நின்றாள். கதவுக்குப் பக்கத்தில் எங்கள் செருப்புகளும் சப்பாத்துகளும் வரிசையாக இருக்கும். அதைப் பார்த்தாள். பிறகு குனிந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

வேண்டாம், பரவாயில்லை என்று கையைக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள். அது நீளமான வேலை. கயிறு நனைந்து இறுகியிருந்தது. ஒரு கையால் எங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் தள்ளாடி, ஒரு சப்பாத்தைக் கழற்றினாள். பிறகு மற்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. காட்டில் நிற்கும் நிமிடம் போல இருந்தது. சப்பாத்தில் இருந்து பனி உருகிச் சொட்டும் சத்தம்கூடக் கேட்டது. கடைசியில் அவள் கம்பளிக் காலுறையுடன் நிமிர்ந்து நின்றாள். உயரம் குறைந்து கட்டையாகிவிட்டவள் போல இருந்தாள்.

பின்னால் இருந்து மனைவியின் குரல் வந்தது. தமிழில்தான்.

"உள்ள வாங்கோ."

அதிகாரி மேசையில் வரைபடத்தை விரித்தாள். சதுப்பு, சீடர் மரங்கள், விழுந்த மரம், எல்லாவற்றையும் நான் விரலால் காட்டினேன். மெதுவாகப் பேசினாள், எனக்கு எல்லாம் விளங்கியது. அந்தக் காட்டைப் பூட்டமாட்டார்களாம். இந்த வருடம் முயல் எப்படி என்றும் கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், முயல் வெள்ளை, காடு மண்ணிறம், பாவம் என்று சொன்னேன். தலையாட்டினாள். தானும் கண்டதாகச் சொன்னாள். அரை மணிக்குள் எல்லாம் முடிந்தது.

அவள் போக எழும்பியபோது சப்பாத்து வைத்த இடத்தில் இல்லை. நான் திகைத்தேன். மனைவி அவற்றை எடுத்துச் தரையில் சூடு வரும் துவாரத்தின் மேல், வாய் அந்தச் சூட்டைப் பார்க்கச் சாய்த்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். அதிகாரி காலை விட்டுப் பார்த்து, "ஓ, வார்ம்" என்று சிரித்தாள்.

பிறகு மகளுக்கு அந்த அதிகாரி தொலைபேசியில் சொன்ன செய்தி: கமெரா வைத்து, கூடு வைத்துப் பன்றியைப் பிடித்துவிட்டார்களாம். ஒன்றுதான். எங்கோ பண்ணையில் வேலி உடைந்து வந்தது. அண்ணையிடம் சொன்னேன். "பண்ணைப் பண்டியையோடா நான் சுடப் பாத்தன்? மானம் போயிருக்கும்" என்றார். அன்றைக்கு என் மேசையில்தான் சாப்பிட்டார். என்னைப் பண்டிக்காரன் என்று இப்போது தொழிற்சாலை முழுக்கக் கூப்பிட வைத்துவிட்டார்.

அரிசியை இன்னும் நான்தான் மேலே கொண்டுவருகிறேன்.

அதிகாரி போன பிறகு மனைவி ஒரு துணியை எடுத்துக்கொண்டு கதவடிக்கு வந்தாள். சப்பாத்து கழற்றிய இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. சேறில்லை, வெறும் தண்ணீர். குந்தியிருந்து துடைத்தாள். நான் துடைக்கிறேன் என்றேன், விடவில்லை. துடைத்து முடித்து, துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"பாவம் பிள்ளை. கண்டனீங்களோ, பெருவிரல்ல சொக்ஸ் ஓட்டை."

ஸ்காபரோ, 2025 மாசி 9, ஞாயிற்றுக்கிழமை.